லேபிளில் இருந்த பியர்

சென்ற வாரப் பத்தியில் பதுளை ரயில் நிலையத்து வாசலில், மழையில், குடையில்லாமல் என்னை நிறுத்திவிட்டு வந்திருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கட்டும். இந்த வாரம் எழுத உட்கார்ந்தபோது வேறொரு நாள் முந்திக்கொண்டது. என் கலியாணம் ஒரு போத்தலால் நின்றுபோகப் பார்த்த நாள் அது.

போத்தல் மேசையின் நடுவில் இருந்தது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்து வைத்த ஈரம், மேசை விரிப்பில் வட்டமாக ஊறிக்கொண்டிருந்தது. சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் அதைத் தொடவில்லை.

ஒருவர் என் வாப்பா. அவருக்கு எதிரே சம்சுதீன் ஹாஜியார். பசறையில் பீங்கான் சாமான்களும் பலசரக்கும் விற்கும் பெரிய கடை அவருடையது. அவருடைய மகள் நஸீமாவைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். பக்கத்தில், ஹாஜியார் துணைக்கு அழைத்து வந்த மரிக்கார் நானா. கடைசியாக நான். மாப்பிள்ளை என்ற முறையில் வாயைத் திறக்கக் கூடாதவன்.

போத்தலின் வயிற்றில் எங்கள் லேபிள். இங்கிலீஷில் பெரிய எழுத்தில் 'ஜிஞ்சர் பியர்'. ஹாஜியாரின் விரல் முதல் வார்த்தையைத் தாண்டிப் போய் இரண்டாவது வார்த்தையின் மேல் நின்றது.

"இது என்ன?"

"ஜிஞ்சர் பியர்," என்றார் வாப்பா.

"ஜிஞ்சர் எண்டா இஞ்சி. அது வெளங்குது. மத்தது?"

"மத்தது சும்மா பேரு, ஹாஜியார்."

"சும்மா வைக்கிறதுக்கு வேற பேரு கெடைக்கல்லியா ஒங்களுக்கு?"

அந்தப் பெயரை வைத்தவர் என் வாப்பாவின் வாப்பா. அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. யாரோ ஒரு துரை எழுதிக் கொடுத்ததை, அழகாக இருக்கிறதென்று அப்படியே அச்சடித்துவிட்டார்.

குடிக்காதவர்களின் கம்பனி

பதுளை பஜாருக்குப் பின்னால் இருந்த சந்தில் எங்கள் சோடாக் கம்பனி. கம்பனி என்பது எங்கள் மரியாதைக்குச் சொல்வது. ஒரு காஸ் சிலிண்டர், கையால் சுற்றும் மெஷின் ஒன்று, போத்தல் கழுவ சிமெந்துத் தொட்டி, இஞ்சி இடிக்கும் கல் உரல், கூரையெல்லாம் குளவி. சீனிப்பாணி காய்ச்சும் நாளில் பதுளையிலுள்ள குளவி முழுவதும் எங்களிடம் வேலைக்கு வந்துவிடும்.

ஜிஞ்சர் பியரில் என்ன இருந்தது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இடித்து அவித்த இஞ்சிச் சாறு, சீனிப்பாணி, தேசிக்காய்ப் புளி, காஸ். புளிக்க வைப்பது கிடையாது. நுரைக்கும், மூக்கில் ஏறும், கண்ணில் தண்ணீர் வரும். அதற்கு மேல் அது யாரையும் ஒன்றும் செய்ததில்லை.

எங்கள் வீட்டில் யாரும் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. ஆனால் ஊவா மாகாணத்தில் யார் எதை எதில் கலந்து குடிக்கிறார் என்பது எங்களுக்கு அத்துப்படி. தவறணைக்காரன் வெறும் சோடா கேட்பான். சாராயத்தில் ஊற்ற. அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் ஒருவர் லெமனேட்டை உறையில் சுற்றிக் கேட்பார். ஜின்னில் ஊற்ற. வீட்டில் அவர் மனைவி அதை வெறும் லெமனேட் என்றே நம்பிக்கொண்டிருந்தார். துரைமார் கிளப் ஜிஞ்சர் பியர் கேட்கும், பெட்டி பெட்டியாக. வாப்பா ஐந்து நேரமும் தொழுதுவிட்டு வந்து, மாகாணத்தின் குடிக்கெல்லாம் காஸ் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதில் இருந்த விசேஷம் அதுவரை எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. ஹாஜியாரின் விரல் வந்துதான் உறைக்க வைத்தது.

துரைமார் குடித்த இங்கிலாந்து

அந்தக் கிளப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பசறைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். வெளியே டென்னிஸ் கோர்ட். உள்ளே ஒரு மூலையை மட்டும் கறுப்பு மரப்பலகை அடித்து, தணிந்த கூரை வைத்து, வேண்டுமென்றே இருட்டாக்கியிருந்தார்கள். இந்த மலையில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. அதை மறைக்கக் காசு செலவழித்தவர்கள் அவர்கள்தான். அது இங்கிலாந்தில் கிராமத்துத் தவறணை இருக்கும் மாதிரி என்று ஃபென்டன் துரை எனக்கு ஒருமுறை விளக்கினார்.

ஃபென்டன் துரை லுணுகலை ரோட்டில் ஒரு பெரிய தோட்டத்துக்குப் பெரியதுரை. சிவந்த முழங்கால், காக்கிக் காற்சட்டை, மீசையில் எப்போதும் எதையோ குடித்த ஈரம். இளவயதில் சின்னத்துரையாக வந்தவர். தமிழைத் தொழிலாளர் லயத்திலும் தேயிலை மலையிலும் படித்தவர் என்பதால், அவருக்குத் தெரிந்த தமிழில் 'நீங்கள்' என்ற சொல்லே கிடையாது. அரசாங்க அதிபரானாலும் கங்காணியானாலும் 'நீ'தான்.

லொறியில் நான் பெட்டிகளை இறக்கப் போகும்போது, அவருடைய பங்களாவில் சமையலும் பரிமாறலும் பார்க்கும் அப்பு காத்தமுத்து பாருக்குப் பின்னால் நிற்பார். கிளப் நாட்களில் துரைமாருக்கு ஊற்றிக் கொடுப்பது அவர் வேலை. எது எதற்கு என்று அவர்தான் எனக்குக் கதை கதையாகச் சொல்வார்.

பியர் பாதி, எங்கள் ஜிஞ்சர் பியர் பாதி. அது ஷாண்டி. டென்னிஸ் ஆடி வந்தவர்கள் குடிப்பது. ஜின்னில் நாலு சொட்டுச் சிவப்புக் கசப்பு மருந்தை விட்டுக் கிளாஸைச் சுழற்றினால் அது இளஞ்சிவப்பு ஜின். வயிற்று வலிக்காரத் துரைமாருக்கு. கறுப்புப் பியரான ஸ்டௌட்டும் வெள்ளைப் பியரும் கலவாமல் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்க வேண்டும். அதைக் கரண்டி முதுகில் ஊற்ற வேண்டும். துரைசானிமாருக்குப் போர்ட் வைனில் லெமனேட். சளி பிடித்தால் இஞ்சி வைன்.

ஒருநாள் புதிதாக வந்த சின்னத்துரை ஒருவர் காய்ச்சலோடு வந்து 'டொடி' கேட்டாராம். அவர் கேட்டது விஸ்கியில் சுடுதண்ணீரும் தேசிக்காயும் தேனும் விட்ட சாமானை. காத்தமுத்துவுக்குத் தெரிந்த டொடி கள்ளு ஒன்றுதான். ஆளை அனுப்பிப் பக்கத்துக் கிராமத்தில் கித்துள் மரத்துக் கள்ளு வாங்கி, வெள்ளித் தட்டில் வைத்து நீட்டினார். சின்னத்துரை ஒரே மூச்சில் குடித்தார். காய்ச்சல் போய்விட்டது. அடுத்த வாரமும் அதையே கேட்டார்.

"அதுக்கப்புறம் அவருக்கு வேற டொடி புடிக்கலைங்க தம்பி," என்பார் காத்தமுத்து.

அதே மலையில் சம்பள நாளன்று லுணுகலைத் தவறணை வாசலில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்குக் கரண்டி முதுகும் இல்லை, கறுப்பு மரப்பலகையும் இல்லை. நின்றபடி ஊற்றி, உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு போவார்கள். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சாராய வாடை வீசும் ஆளைத் துரை விரட்டி விடுவார். துரையின் வாயிலிருந்து வந்த வாடையை விரட்ட அங்கே யாரும் இல்லை.

ருசி தெரிந்தவர் யார்?

மேசைக்கு வருகிறேன்.

"இதில ஹராமா ஒண்டும் இல்ல ஹாஜியார். குடிச்சுப் பாருங்கோ," என்று வாப்பா போத்தலைத் தள்ளினார்.

"நான் குடிச்சா எனக்கு என்ன வெளங்கும்? அந்த ருசி தெரிஞ்ச ஆள்தானே சொல்லோணும், இருக்கா இல்லயா எண்டு."

நியாயமான பேச்சு. இதில் சாராயம் இல்லை என்று சாட்சி சொல்லச் சாராயம் தெரிந்த ஒருவர் வேண்டும். ஆனால் அந்த அறையில் யார் முன்வந்தாலும் அவர் போத்தலைக் காப்பாற்றிவிட்டுத் தான் மாட்டிக்கொள்வார். எல்லாரும் கூரையிலிருந்த குளவிகளைப் பார்த்தோம்.

மரிக்கார் நானா மூடியைத் திறந்து, ஒரு மிடறு குடித்துவிட்டு, பெரிய மனத்தோடு சொன்னார்: "பியர் எண்டா கசக்குமே. இது இனிக்குது."

ஹாஜியார் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

"நானாவுக்கு எப்படித் தெரியும், கசக்கும் எண்டு?" என்றார் ஹாஜியார்.

"கேள்விப்பட்ட... சொல்லுவாங்கதானே..." மரிக்கார் நானா தொப்பியைச் சரிசெய்தார்.

அந்த நேரம் பார்த்துச் சந்தில் ஜீப் வந்து நின்றது. கிளப்புக்குப் பெட்டி ஏற்ற ஃபென்டன் துரையே வந்திருந்தார். உள்ளே வந்தவர் நாலு முகங்களையும் ஒரு போத்தலையும் பார்த்தார்.

"என்ன இது? யார் செத்தது?"

வாப்பாவுக்குப் படைத்தவனே அனுப்பியதாகத் தோன்றியிருக்க வேண்டும். உண்மை பேசக்கூடிய, குடிக்கிறவர் என்று ஊருக்கே தெரிந்த, மானம் போகாத ஒரு சாட்சி. எழுந்து நின்று சொன்னார்: "தொரை, இதில மது இல்ல எண்டு இந்த ஹாஜியாருக்கு நீங்க சொல்லோணும்."

துரை போத்தலை எடுத்து அண்ணாந்து பாதியை இறக்கினார். மீசையைத் துடைத்தார். ஹாஜியாரைப் பார்த்தார்.

"ஹாஜியார், நீ கேள். இதிலே ஒண்ணும் இல்லே. இது பச்சைப்பிள்ளை குடிக்கிற சாமான்."

வாப்பாவின் முகம் மலர்ந்தது. துரை அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு நல்ல மனம். ஒரு நல்ல பொருளைப் பற்றி அரைகுறையாகச் சொல்ல அவரால் முடியவில்லை.

"ஆனா பாதி பியர் போட்டு, பாதி இது போட்டா..." துரை கண்ணை மூடித் திறந்து, என்னைக் காட்டினார். "நம்ம ஊர்ச் சாமான் அப்படியே! இவன் அப்பன் இல்லேன்னா கிளப்பிலே ஷாண்டி இல்லே. ஷாண்டி இல்லேன்னா கிளப் இல்லே. ரொம்ப உதவி!"

வாப்பாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பெட்டிகளை ஏற்றச் சொல்லிப் போய்விட்டார்.

"அப்ப," என்றார் ஹாஜியார் மெதுவாக, "இதுல இல்ல. இதுக்குள்ளதான் அத ஊத்துற."

வாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஹாஜியார், அந்த ஷாண்டிய தொரைமார் உள்ளங்கையிலயா ஊத்திக் குடிக்கிற? கைபிடி வச்ச பெரிய கிளாஸ். பசறையில ஒங்கட கடையிலதான் வாங்கின!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் கலியாணம் முடிந்துவிட்டது என்று அப்போது நிச்சயமாகத் தெரிந்தது.

அந்த வாடை

ஹாஜியார் எழுந்து போகவில்லை. துரை மிச்சம் வைத்திருந்த போத்தலைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தார். ஒரு தடவை, பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை, நீளமாக.

"இல்ல," என்றார். "தொரை சொன்னது உண்மை. இது அந்த வாடை இல்ல."

வாப்பா கோபம் ஆறாமலே கேட்டார்: "ஒங்களுக்கு எப்படி வெளங்கும், அந்த வாடை?"

ஹாஜியார் போத்தலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"என்ட மூத்தவன் பாரூக். ஒங்களுக்குத் தெரியும், வீட்ட விட்டுப் போனான் எண்டு. ஏன் எண்டு நான் யாருக்கும் சொல்லல்ல. பதுளையில தங்கிப் படிக்க விட்ட. இங்கிலீஷும் படிச்சான், இதுவும் படிச்சான். ராவையில வந்து கதவ மெதுவாத் தட்டுவான். உம்மாக்குக் கேட்கப்படாது எண்டு நான்தான் போய்த் தொறப்பேன். கதவு தொறந்தா முதல்ல அந்த வாடைதான் உள்ள வரும். அவன் பொறகுதான் வருவான்."

வெளியே தொட்டியில் யாரோ போத்தல் கழுவும் சத்தம் கேட்டது.

"ஒருநாள் தொறக்கல்ல. அடுத்த நாளும் தட்டுவான் எண்டுதான் நான் நெனச்ச. தட்டல்ல."

வாப்பா தன் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார். பேசத் தெரியாத நேரங்களில் அவர் செய்வது அது.

"எனக்குப் பயம்," என்றார் ஹாஜியார். "மகளக் குடுக்கிற வீட்டு லேபிளில அந்தப் பேரப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துட்டு. வேற ஒண்டுமில்ல."

பிறகு அந்த மிச்சத்தை மடமடவென்று குடித்தார். காஸ் மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. இஞ்சிதான் காரணம் என்று நாங்கள் நாலு பேரும் ஒரு பேச்சுமில்லாமல் ஒத்துக்கொண்டோம்.

இரண்டு நிபந்தனை போட்டார். லேபிளில் அந்தச் சொல் இருக்கக் கூடாது. கிளப்புக்கு எங்கள் கம்பனியிலிருந்து ஒரு போத்தலும் போகக் கூடாது. முதலாவதற்கு வாப்பா உடனே தலையாட்டினார். இரண்டாவதற்கு அவர் தலை நகரவில்லை. கிளப்தான் எங்கள் பெரிய வாடிக்கை.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "சரி மாமா," என்றேன்.

வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு தகப்பன், ஒரு முதலாளி, இரண்டு பேருமே இருந்தார்கள். முதலாளிக்குக் கோபம். தகப்பனுக்குச் சிரிப்பு. நல்லவேளை, தகப்பன் மூத்தவர்.

மழை விசாரிப்பு

கலியாணம் நடந்தது. புதிய லேபிள் அச்சானது: 'இஞ்சிச் சோடா'. கிளப்புக்குப் பெட்டி போவது நின்றது. நாங்கள் நஷ்டத்தைச் சமாளிக்கப் பள்ளிக்கூடங்களையும் கலியாண வீடுகளையும் பிடித்தோம். மருமகன் செய்யும் சரக்கு என்று ஹாஜியார் தன் பசறைக் கடையிலும் அடுக்கி வைத்தார்.

ஆச்சரியம் என்னவென்றால், பசறையில் அது பறந்தது. சிறிய ஊர். குளிர் காலத்திலும் பெட்டி பெட்டியாகக் கேட்டார் மாமா. ஒரு பின்னேரம் நானே லொறியோடு போனபோது கடையின் பின்பக்கத்தில் துரையின் ஜீப் நின்றது. காத்தமுத்து இஞ்சிச் சோடாப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. தொர விட மாட்டேங்கிறாரு. மொதல்ல ஒங்க புது லேபல பாத்துட்டு, 'இது அந்தச் சாமான் இல்லே, கெடுத்துட்டான்'னு சத்தம் போட்டாரு. நான் லேபல தண்ணியில ஊறவச்சு உரிச்சுட்டு ஊத்திக் குடுத்தேன். 'இதுதான்டா பழைய சாமான், எங்கேருந்து புடிச்சே?'ன்னு எனக்குக் கையக் குடுத்தாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பயம். "மாமாவுக்குத் தெரியுமா, இது எங்க போகுது எண்டு?"

காத்தமுத்து தலையைச் சொறிந்தார்.

"ஹாஜியார் மொதலாளி ஒண்ணும் கேக்க மாட்டாருங்க. பெட்டிய எடுத்து வெளிய வச்சிட்டு, 'லுணுகலப் பக்கம் மழையா?'ன்னு கேப்பாரு. அவ்வளவுதான். நானும் சொல்லுவேன். 'மழதாங்க, ஆனா ஆபீசுல சின்னக் கிளாக்கரய்யாவுக்குக் காச்சல் விட்டிருச்சுங்க.' இன்னொரு நாளைக்கு, 'வெயிலுங்க, சின்னக் கிளாக்கரய்யா புதுச் சைக்கிள் வாங்கியிருக்காருங்க.' கேட்டுக்கிட்டு உள்ள போயிருவாரு."

ஃபென்டன் துரையின் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர் யார் என்று அன்றிரவு நஸீமாதான் எனக்குச் சொன்னாள்.

"என்ட நானாதான். பாரூக் நானா. வாப்பாக்கு எப்பயோ தெரியும். காத்தமுத்துவுக்கும் தெரியும். வாப்பாக்குத் தெரியும் எண்டது எங்களுக்குத் தெரியும் எண்டது மட்டும் வாப்பாக்குத் தெரியா."

பசறையிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு ஒரே பஸ். ஒரு தகப்பன் அந்த பஸ்ஸில் ஏறாமல் இருப்பதற்காக, தானே தடுத்த கிளப்புக்குத் தன் கையாலேயே சோடா விற்றுக்கொண்டிருந்தார். துரைமாரின் ஷாண்டி தடையில்லாமல் ஓடியது. ஷாண்டி ஓடியதால் மழைச் செய்தியும் வந்தது. நாங்கள் ஒருவரும் எதையும் சொல்லவில்லை. இப்படிப் பல வருஷம்.

ஊருக்குப் போனவர்கள்

எழுபதுகளின் நடுவில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. அதற்கு முன்பே இறக்குமதி நின்று, கிளப்பில் சிவப்புக் கசப்பு மருந்து தீர்ந்து, ஸ்டௌட் தீர்ந்து, கடைசியில் பாதி பியர் கிடைக்கும் நாளில் மட்டும் ஷாண்டி என்றாகியிருந்தது. துரைமார் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள்.

ஃபென்டன் துரை விடைபெறப் பசறைக் கடைக்கு வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். கடை நிறைய ஆட்கள். துரை கல்லாப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஹாஜியார், நான் ஊருக்குப் போறேன். நீ கிளப்புக்கு ரொம்ப உதவி. இத்தனை வருஷம் நீ சோடா குடுக்கல்லேன்னா நாங்க என்ன குடிக்கிறது?"

மரிக்கார் நானாவும் சீனி வாங்க வந்து நின்றிருந்தார். அவர் சீனியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"காத்தமுத்துவும் இனி வார இல்லயா, தொரை?"

"அவனும் ஊருக்குப் போறான். இந்தியாவுக்கு. பாஸ்போட்டு வந்திருச்சு."

காத்தமுத்து ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஊர் திருச்சிப் பக்கம் என்று அரசாங்கக் கடுதாசியில் எழுதியிருந்ததாம். அவர் பிறந்தது லுணுகலை லயத்தில். இரண்டு பேரும் ஊருக்குத்தான் போனார்கள். அதில் துரைக்கு மட்டும் தன் ஊர் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தது.

மாமா கல்லாவை விட்டு இறங்கி வந்தார். ஆட்கள் நிறைந்த கடையில், மழையை விசாரிக்காமல், நேராகக் கேட்டார்:

"தொரை, ஒங்கட ஆபீசில பாரூக் எண்டு ஒரு கிளாக்கர். அவன் இன்னும் குடிக்கிறானா?"

துரை யோசித்தார். பொய் சொல்லிப் பழகாதவர்.

"குடிக்கிறான். ஆனா வேலை நேரத்திலே இல்லே. முன்னே மாதிரி இல்லே. நல்ல பையன். ஏன், உனக்குத் தெரிஞ்சவனா?"

"என்ட மகன்," என்றார் மாமா.

கடையில் தராசுத் தட்டு ஆடுவது நின்றது. துரை தொப்பியைக் கழற்றினார். அவர் யாருக்கும் தொப்பி கழற்றி நான் கண்டதில்லை. மாமாவின் கையைப் பிடித்து, ஏதோ சொல்லப் போய், தமிழில் வார்த்தை கிடைக்காமல், குலுக்கிவிட்டுப் போனார். ஜீப்பிலிருந்து காத்தமுத்து எட்டிப் பார்த்து, "வாறேன் மொதலாளி, லுணுகலைல இன்னைக்கு வெயிலுங்க," என்றார்.

ஒரே பஸ்

இனிச் செய்தி கொண்டுவர ஆளில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். "மருமகன், லுணுகல பஸ் எத்தின மணிக்கு?" அந்த ரோட்டில் முப்பது வருஷம் கடை வைத்திருந்தவர் கேட்ட கேள்வி அது. நஸீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முதலில் ஏறினாள்.

கிளாக்கர் குவாட்டர்ஸ் தொழிற்சாலைக்குக் கீழே. வாசலில் துணி காய்ந்தது. பாரூக் மச்சான் சாரம் கட்டியபடி வெளியே வந்தவர், எங்களைக் கண்டு அப்படியே நின்றார். தலை நரைத்திருந்தது. நான் கேள்விப்பட்டிருந்த ஆளைவிட மெலிந்தவர். மாமா படியில் நின்றார். கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் அவர் பக்கத்துச் சட்டத்தில் விரல் மடக்கி மெதுவாகத் தட்டினார்.

"உள்ள வாங்கோ வாப்பா," என்றார் பாரூக்.

உள்ளே போனோம். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை. மாமாவைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு, பாரூக் மச்சான் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வீட்டுக்கு வந்தவரிடம் எல்லாரும் கேட்கும் கேள்விதான். கேட்காமல் இருக்க முடியாத கேள்வி. அது அவர் வாயிலிருந்து பாதி வந்து நின்று, பிறகு வந்தது.

"குடிக்க... என்ன தர, வாப்பா?"

நஸீமா என் கையைப் பிடித்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மாமா மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டில இருக்கிறதத் தா, மகன்."

பாரூக் மச்சான் அடுப்படிக்குப் போனார். நெருப்புக்குச்சி உரசும் சத்தம் ஒன்றுக்கு மூன்று தடவை கேட்டது. கொஞ்ச நேரத்தில் பால் விடாத பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் வந்தன. மாமா வாங்கிக் குடித்தார்.

"சாயம் கூடிப்போச்சு," என்றார். பிறகு கிளாஸை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."